மின்சாதனங்களில் நட்சத்திர முத்திரை: தோற்றமும் வளர்ச்சியும்

ஏசி, ஃப்ரிட்ஜ், மின்விசிறி போன்ற வீட்டுச் சாதனங்கள் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள உதவுவது ஆற்றல் திறன் முத்திரை. இந்தியாவில் இது ஒன்று முதல் ஐந்து வரையான நட்சத்திரங்களாக அச்சிடப்பட்டுச் சாதனத்தின் மேலேயே ஒட்டப்படுகிறது. கடைகளில் ‘த்ரீ ஸ்டார்’, ‘ஃபைவ் ஸ்டார்’ என்று பேசப்படுவது இதுதான். 2006இல் விருப்பத் திட்டமாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, 2010இல் நான்கு வகைச் சாதனங்களுக்குச் சட்டப்படி கட்டாயமானது. பிறகு ஒவ்வொரு சாதனமாக விரிந்தது.

முத்திரைக்கான தேவை எளிதில் விளங்கக்கூடியது. ஒரு ஃப்ரிட்ஜின் விலை கடையிலேயே தெரிந்துவிடும். அது வீட்டில் நின்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இழுக்கப்போகும் மின்சாரத்தின் விலை தெரியாது. ஒரே கொள்ளளவும் ஒரே தோற்றமும் கொண்ட இரண்டு ஃப்ரிட்ஜ்களில், சுவருக்குள் இருக்கும் வெப்பத்தடுப்பு நுரையின் தடிமன், கம்ப்ரஸரின் தரம், கதவு ரப்பரின் இறுக்கம் ஆகியவை வேறுபடலாம். இவை எதுவும் வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இவற்றுக்குச் செலவழித்த உற்பத்தியாளரின் பொருள் விலை கூடியதாக மட்டுமே தோன்றியது; மலிவாகச் செய்தவரின் பொருள் விற்றது. நல்ல பொருளுக்குச் சந்தையில் கிடைக்க வேண்டிய மதிப்பைக் கிடைக்கச் செய்வதே முத்திரையின் அடிப்படை நோக்கம்.

எண்ணெய் நெருக்கடியும் முதல் முத்திரைகளும்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காகியது. எண்ணெயை இறக்குமதி செய்து மின்சாரம் தயாரித்த நாடுகள், புதிய மின்நிலையம் கட்டுவதைவிட இருக்கும் மின்சாரத்தை வீணாக்காமல் பயன்படுத்துவது மலிவு என்பதை அப்போதுதான் கணக்கிட்டுப் பார்த்தன. பிரான்ஸ் 1976இல் வீட்டுச் சாதனங்களுக்குக் கட்டாய முத்திரையைக் கொண்டுவந்தது. கனடாவின் ‘எனர்கைட்’ முத்திரை 1978இல் வந்தது.

அமெரிக்காவில் இதற்கு வழி திறந்தது கலிபோர்னியா. அங்கே 1974இல் இயற்றப்பட்ட வாரன்–ஆல்குவிஸ்ட் சட்டம், சாதனங்களுக்குக் குறைந்தபட்சத் திறன் வரம்பு விதிக்கும் அதிகாரத்தை மாநில ஆணையம் ஒன்றுக்கு வழங்கியது. 1975 டிசம்பரில் நாடாளுமன்றம் எரிசக்திக் கொள்கை மற்றும் சேமிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி கூட்டாட்சி வணிக ஆணையம் 1979இல் விதிகளை வகுத்தது. 1980 மே மாதம் முதல் மஞ்சள் நிற ‘எனர்ஜிகைட்’ முத்திரை சாதனங்களில் ஒட்டப்பட்டது. நட்சத்திரமோ எழுத்தோ அதில் இல்லை. ஒரு கோட்டின் இடக்கோடியில் அந்த வகையிலேயே மிகக் குறைவாகச் செலவழிக்கும் சாதனமும், வலக்கோடியில் மிக அதிகமாகச் செலவழிக்கும் சாதனமும் குறிக்கப்பட்டிருக்கும். குறிப்பிட்ட சாதனம் இவற்றுக்கிடையில் எங்கே நிற்கிறது என்பதை ஒரு முக்கோணம் காட்டும்.

முத்திரை தகவல் தருவதோடு நின்றுவிடுகிறது; மிக மோசமான சாதனங்களைச் சந்தையிலிருந்து அகற்றக் குறைந்தபட்ச வரம்பும் வேண்டும் என்பது அமெரிக்க அனுபவம் தந்த பாடம். தேசிய அளவிலான அந்த வரம்புகள் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்தன. இரண்டும் சேர்ந்தபோது விளைவு பெரிதாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க வீட்டு ஃப்ரிட்ஜ் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் மின்சாரம் எடுத்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைவிடப் பெரிய ஃப்ரிட்ஜ், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மின்சாரத்தில் இயங்கியது. இந்த மாற்றத்துக்கு அறிவியல் வாதங்களைத் திரட்டித் தந்தவர்களில் முதன்மையானவர், பெர்க்லி ஆய்வகத்தின் இயற்பியலாளர் ஆர்தர் ரோஸன்ஃபெல்ட்.

ஐரோப்பாவில் 1979ஆம் ஆண்டு வந்த முதல் நெறிமுறை பெரிய பலன் தரவில்லை. 1992 செப்டம்பரில் வந்த 92/75 எண் கொண்ட நெறிமுறைதான் இன்று பரவலாக அறியப்படும் ஏ முதல் ஜி வரையான எழுத்து முத்திரைக்கு அடிக்கல். மேலே பச்சை, கீழே சிவப்பு என்று இறங்கும் ஏழு அம்புகளை மொழி தெரியாதவரும் புரிந்துகொள்ள முடிந்தது. பத்தாண்டுகளுக்குள் உற்பத்தியாளர்கள் பெரும்பாலோர் ‘ஏ’ நிலையை எட்டிவிட்டனர். எட்டியதும் வரம்பை உயர்த்தாமல், 2003இல் ஃப்ரிட்ஜ்களுக்கு ‘ஏ+’, ‘ஏ++’ என்ற புதிய நிலைகளையும் 2010இல் ‘ஏ+++’ நிலையையும் ஐரோப்பிய ஒன்றியம் சேர்த்தது. இதனால் வெறும் ‘ஏ’ வாங்கிய சாதனம் உண்மையில் கீழ்நிலையில் இருந்தாலும், வாங்குபவர் அதை முதல் தரம் என்றே நினைத்தார். கடைசியில் 2017இல் விதியைத் திருத்தி, 2021 மார்ச் 1 முதல் பழைய ஏ–ஜி வரிசைக்கே திரும்பினார்கள். புதிய வரிசை தொடங்கும்போது ‘ஏ’ இடம் கிட்டத்தட்ட காலியாக இருக்க வேண்டும் என்றே வரம்புகள் வகுக்கப்பட்டன.

நட்சத்திரத்தைக் குறியீடாக எடுத்துக்கொண்ட முன்னோடி நாடு ஆஸ்திரேலியா. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் 1986இல் ஃப்ரிட்ஜ்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமானது. பெரும்பாலான சாதனங்கள் மேல்நிலையை நெருங்கிவிட்டதால், 2000இல் அங்கே நட்சத்திரக் கணக்கு புதிதாக வகுக்கப்பட்டது. ஆசியாவில் தாய்லாந்தின் ‘எண் 5’ முத்திரை 1990களில் புகழ்பெற்றது. சிங்கப்பூரில் 2008 ஜனவரி முதல் ஏசிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ‘டிக்’ குறிகள் கொண்ட முத்திரை கட்டாயமானது.

இந்தியாவில் சட்டப் பின்னணி

இந்திய வீடுகளுக்கு முதலில் பழக்கமான முத்திரை ஐஎஸ்ஐ. 1947இல் தொடங்கப்பட்ட இந்தியத் தர நிர்ணய நிறுவனமும், 1987 முதல் அதன் இடத்துக்கு வந்த இந்தியத் தர நிர்ணய அமைவனமும் வழங்கிய அந்த முத்திரை, பொருள் பாதுகாப்பானது, குறைந்தபட்சத் தரம் உள்ளது என்று உறுதியளித்தது. தேர்ச்சி அல்லது தோல்வி என்ற இரண்டே நிலைகள்தான் அதில் உண்டு. தேர்ச்சி பெற்ற இரண்டு சாதனங்களில் எது சிக்கனமானது என்பதை அது சொல்லாது.

எண்ணெய் நெருக்கடியின் தாக்கம் இந்தியாவையும் விடவில்லை. பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் 1978இல் உருவானது. மண்ணெண்ணெய் அடுப்பு, எரிவாயு அடுப்பு ஆகியவற்றின் திறன் குறித்த பிரசாரம் அதன் வழியாக வீடுகளைச் சென்றடைந்தது. மின்சாரத் துறையில் ஆற்றல் மேலாண்மை மையம் 1989இல் தொடங்கப்பட்டது. ஆனால் உற்பத்தியாளரைக் கட்டுப்படுத்தும் சட்ட அதிகாரம் இவற்றுக்கு இல்லை. 1990களில் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன. ஃப்ரிட்ஜும் ஏசியும் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் வேகமாக நுழைந்தன. மாலை நேர மின்தேவை உயர்ந்தது. பற்றாக்குறையும் கூடவே உயர்ந்தது.

இந்தச் சூழலில்தான் எரிசக்திச் சேமிப்புச் சட்டம், 2001 இயற்றப்பட்டது. அது 2002 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றே மத்திய மின்துறை அமைச்சகத்தின் கீழ் எரிசக்தித் திறன் பணியகம் அமைக்கப்பட்டது. சுருக்கமாக ‘பி.இ.இ.’ என்று அழைக்கப்படும் இந்த அமைப்புதான் முத்திரைத் திட்டத்தை நடத்துகிறது. சட்டத்தின் 14ஆம் பிரிவு மத்திய அரசுக்கு மூன்று முக்கிய அதிகாரங்களைக் கொடுத்தது. சாதனங்களுக்கான மின்நுகர்வு வரம்பை வகுக்கலாம். முத்திரை ஒட்ட வேண்டும் என்று ஆணையிடலாம். வரம்புக்கு ஒத்துவராத சாதனங்களைத் தயாரிப்பதையும் விற்பதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கலாம்.

சட்டம் வந்த பிறகும் முதல் முத்திரை ஒட்டப்பட நான்கு ஆண்டுகள் ஆயின. எந்த முறையில் சோதிப்பது, சந்தையில் இருக்கும் சாதனங்கள் உண்மையில் எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன, நம்பகமான ஆய்வகங்கள் எங்கே உள்ளன என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தேட வேண்டியிருந்தது. முத்திரை எப்படி இருந்தால் வாங்குபவருக்குப் புரியும் என்று கருத்தாய்வுகளும் நடத்தப்பட்டன. பல மொழிகளும் பல எழுத்துமுறைகளும் உள்ள நாட்டில், எழுத்தை நம்பாத நட்சத்திரம் பொருத்தமான குறியாக அமைந்தது.

2006 மே மாதம் மத்திய மின்துறை அமைச்சர் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் இடம்பெற்றவை பனி உறையாத ‘ஃப்ராஸ்ட் ஃப்ரீ’ ஃப்ரிட்ஜும் ட்யூப்லைட்டும். அடுத்த சில ஆண்டுகளில் ஏசி, ஒற்றைக் கதவு ‘டைரக்ட் கூல்’ ஃப்ரிட்ஜ், மின்விசிறி, தொலைக்காட்சி, கீசர், எரிவாயு அடுப்பு, மோட்டார், விவசாய பம்ப்செட் ஆகியவை சேர்ந்தன. பம்ப்செட்டும் மோட்டாரும் பட்டியலில் வந்ததால், அவற்றைத் தயாரிப்பதில் நாட்டிலேயே முன்னணியில் இருக்கும் கோயம்புத்தூர்த் தொழிற்கூடங்களுக்கும் இத்திட்டம் நேரடியாகப் பொருந்தியது.

அப்போதெல்லாம் முத்திரை ஒட்டுவதும் ஒட்டாததும் உற்பத்தியாளரின் விருப்பம். நல்ல மதிப்பீடு கிடைக்கும் மாடலுக்கு முத்திரையும், கிடைக்காத மாடலுக்கு மௌனமும் என்ற போக்குக்கு விருப்பத் திட்டம் இடம் தந்தது. 2010 ஜனவரி 7 முதல் ஏசி, ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ், ட்யூப்லைட், மின்விநியோக டிரான்ஸ்ஃபார்மர் ஆகிய நான்குக்கும் முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, 10,000 ரூபாயாக இருந்த அபராத உச்சவரம்பு 10 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. டைரக்ட் கூல் ஃப்ரிட்ஜ், தொலைக்காட்சி, கீசர் ஆகியவை பிறகு கட்டாயப் பட்டியலுக்கு வந்தன. எல்இடி பல்பும் இன்வெர்ட்டர் ஏசியும் 2018இலும், மின்விசிறி 2023 ஜனவரியிலும் சேர்க்கப்பட்டன.

முத்திரையில் உள்ளவை

கடையில் நிற்கும் ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டியிருக்கும் முத்திரையின் மேற்பகுதியில் வளைவாக ஐந்து நட்சத்திரங்கள் இருக்கும். சாதனம் பெற்ற எண்ணிக்கை அளவுக்கு அவை சிவப்பாக நிறைந்திருக்கும். பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குக் கீழே உள்ள எண்தான் முத்திரையின் உயிர்: சாதனம் ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் எடுக்கும் என்ற கணக்கு. அதை அடுத்து நிறுவனத்தின் பெயர், மாடல், கொள்ளளவு, சாதனத்தின் வகை ஆகியவை தரப்பட்டிருக்கும். நட்சத்திரம் எந்த ஆண்டின் அட்டவணைப்படி வழங்கப்பட்டது என்பதைக் காட்டும் காலக் குறிப்பும் உண்டு. நிலையான சோதனைச் சூழலில் கிடைத்த எண் இது, வீட்டில் பயன்படுத்தும் விதத்தைப் பொறுத்து மாறும் என்ற எச்சரிக்கை சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

அளவிடும் முறைகள்

ஒவ்வொரு சாதனத்துக்கும் அளவுகோல் வேறு. ஃப்ரிட்ஜுக்குக் கொள்ளளவே அடிப்படை. ஆனால் உறைபெட்டியின் ஒரு லிட்டர் இடத்தைக் குளிர்விப்பது, காய்கறி வைக்கும் பகுதியின் ஒரு லிட்டரைக் குளிர்விப்பதைவிடக் கடினம். அந்த வேறுபாட்டைச் சரிக்கட்ட, ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் உறைபெட்டியின் கொள்ளளவை 1.62ஆல் பெருக்கிக் கூட்டுகிறார்கள். இந்த எண் வந்த வழி எளியது. அறை வெப்பநிலை 32 டிகிரி, உறைபெட்டி மைனஸ் 15 டிகிரி, உணவுப் பகுதி 3 டிகிரி என்று வைத்துக்கொண்டால், உறைபெட்டிக்கும் அறைக்கும் உள்ள வேறுபாடு 47. உணவுப் பகுதிக்கும் அறைக்கும் உள்ள வேறுபாடு 29. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.62 கிடைக்கிறது. டைரக்ட் கூல் ஃப்ரிட்ஜில் உறைபெட்டி மைனஸ் 6 டிகிரிதான் என்பதால், அதே கணக்கில் வருவது 1.31. இப்படிச் சரிசெய்த கொள்ளளவுக்கு ஏற்ப, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்ற உச்சவரம்பு வகுக்கப்படுகிறது.

மின்விசிறியின் அளவுகோல் ‘சர்வீஸ் வேல்யூ’. விசிறி நிமிடத்துக்குத் தள்ளும் காற்றைக் கன மீட்டரில் அளந்து, அது எடுக்கும் வாட்டால் வகுத்தால் கிடைப்பது இது. வீடுகளில் பரவலாக உள்ள 1,200 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்குக் குறைந்தது 210 கன மீட்டர் காற்றைத் தர வேண்டும். பழைய வகை விசிறி இதற்கு 75 வாட் எடுத்தால் அதன் சர்வீஸ் வேல்யூ 2.8. அதே காற்றை 35 வாட்டில் தரும் விசிறிக்கு அது 6. கீசருக்கு அளக்கப்படுவது வேறு: சூடான தண்ணீரைப் பயன்படுத்தாமல் 24 மணி நேரம் வைத்திருந்தால் தொட்டியின் சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்பது. எரிவாயு அடுப்பில் பார்க்கப்படுவது வெப்பத்திறன். எரியும் வாயுவின் வெப்பத்தில் குறைந்தது 68 சதவீதம் பாத்திரத்தைச் சேர வேண்டும் என்பது அடுப்புகளுக்கான இந்தியத் தரம்.

ஏசியின் கணக்கு காலப்போக்கில் மாறியது. தொடக்கத்தில் இருந்தது ‘இஇஆர்’ என்ற விகிதம். உள்ளே 27 டிகிரி, வெளியே 35 டிகிரி என்ற ஒரே நிலையில் ஏசியை ஓடவிட்டு, அது வெளியேற்றும் வெப்பத்தை அது எடுக்கும் மின்சாரத்தால் வகுத்தார்கள். நின்று நின்று ஓடும் பழைய கம்ப்ரஸருக்கு இது ஓரளவு பொருந்தியது. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏசி வந்தபோது இந்த அளவு போதவில்லை. வெயில் தணிந்த இரவில் மெதுவாக ஓடி மின்சாரத்தை மிச்சப்படுத்துவதுதான் அதன் சிறப்பு. ஒரே வெப்பநிலையில் நடக்கும் சோதனையில் அது தெரியாது. எனவே 2015இல் ‘ஐஎஸ்இஇஆர்’ என்ற பருவகால விகிதம் அறிமுகமானது. வெளி வெப்பநிலை 24 முதல் 43 டிகிரி வரை மாறும் 1,600 மணி நேரத்தை இந்தியாவின் ஓர் ஆண்டுக் குளிரூட்டும் காலமாக எடுத்துக்கொண்டு, அந்தக் காலம் முழுவதற்குமான மின்செலவை இது கணிக்கிறது. 2018 முதல் இரண்டு வகை ஏசிகளும் இந்த ஒரே அட்டவணைக்குள் வந்தன. அதன் பிறகு இன்வெர்ட்டர் அல்லாத ஏசிகளால் மேல்நிலை நட்சத்திரங்களைப் பெறுவது கடினமாகியது.

வரம்பை உயர்த்திய வரலாறு

நட்சத்திர முத்திரையின் வரலாற்றில் மிக முக்கியமான பகுதி, வரம்புகள் காலந்தோறும் உயர்த்தப்பட்டதுதான். வகுப்பில் எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கினால் அந்த வினாத்தாள் யாரையும் பிரித்துக் காட்டாது. அடுத்த தேர்வுக்குக் கடினமான வினாத்தாள் வேண்டும். ஐரோப்பா கூடுதல் குறிகளைச் சேர்த்துச் சமாளித்த இடத்தில், இந்தியா தொடக்கத்திலிருந்தே ஐந்து என்ற எண்ணிக்கையை மாற்றாமல் அட்டவணையைக் கடுமையாக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது. இது சரியான தேர்வு.

ஏசியை எடுத்துக்கொண்டால், திட்டத்தின் முதல் அட்டவணையில் ஒரு நட்சத்திரத்துக்கு இஇஆர் 2.3, ஐந்து நட்சத்திரத்துக்கு 3.1. 2014இல் இவை 2.7, 3.5 என்று உயர்ந்திருந்தன. பருவகால அளவுகோல் வந்த பிறகு, 2018இல் ஐந்து நட்சத்திரத்துக்கு ஐஎஸ்இஇஆர் 4.5 தேவைப்பட்டது, 2022 ஜூலை முதல் 5. அதாவது 2021இல் ஐந்து நட்சத்திரத்தோடு விற்ற 4.6 விகித ஏசி, 2022 ஜூலைக்குப் பிறகு நான்கு நட்சத்திர ஏசி. இயந்திரத்தில் ஒரு திருகுகூட மாறவில்லை. ஒப்பிடும் அளவுகோல் உயர்ந்துவிட்டது.

மின்விசிறியில் இந்த மாற்றம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பழைய விருப்ப அட்டவணையில் சர்வீஸ் வேல்யூ 3.2 இருந்தால் ஒரு நட்சத்திரம், 4 இருந்தால் ஐந்து நட்சத்திரம். பல ஆண்டுகள் அந்த அட்டவணை திருத்தப்படவே இல்லை. முத்திரை விருப்பத்துக்கு விடப்பட்டிருந்ததால், நாட்டின் கிட்டத்தட்ட ஒவ்வொரு வீட்டிலும் சுழலும் இந்தச் சாதனம் திட்டத்தின் பயனைப் பெரிதாகப் பெறவில்லை. முத்திரை கட்டாயமானபோது வந்த புதிய அட்டவணையில், 4 என்பது ஒரு நட்சத்திரத்தின் நுழைவாயில். ஐந்து நட்சத்திரத்துக்கு 6 வேண்டும். நேற்றைய முதல் மதிப்பெண் இன்றைய தேர்ச்சி மதிப்பெண்ணாகியது. 6 என்ற அளவை எட்ட, ‘பிஎல்டிசி’ எனப்படும் பிரஷ் இல்லாத காந்த மோட்டார்கள் தேவைப்பட்டன. சில நிறுவனங்களின் விலை உயர்ந்த பொருளாக இருந்த அந்த விசிறி, சாதாரணக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது.

வரம்பு உயரும் ஒவ்வொரு முறையும் அவகாசம் கேட்பது உற்பத்தியாளரின் வழக்கம். பழைய அட்டவணைப்படி தயாரித்த சரக்கு கிடங்கில் இருக்கும். புதிய உதிரிப்பாகங்களுக்கு முதலீடு வேண்டும். 2022 ஜனவரியில் வரவிருந்த ஏசி அட்டவணை ஆறு மாதம் தள்ளிப்போனது. நியாயமான அவகாசத்தில் தவறில்லை. ஆனால் இந்தியாவில் ஏசி விற்பனை ஆண்டுக்கு ஆண்டு பெருகும் காலத்தில், தாமதமாகும் ஒவ்வொரு கோடையிலும் விற்கும் ஏசிகள் அடுத்த பத்தாண்டுகளுக்கு வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

முத்திரையோடு இணைந்த வேறு நடவடிக்கைகளும் பலன் தந்தன. 2020 ஜனவரி 1 முதல், நட்சத்திர முத்திரை பெறும் ஏசிகள் இயக்கியவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது பி.இ.இ.யின் மதிப்பீடு. விளக்குத் துறையில், 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் கீழ் சுமார் 36.8 கோடி எல்இடி பல்புகள் விநியோகிக்கப்பட்டன. மொத்தக் கொள்முதலால், 2014இல் 310 ரூபாயாக இருந்த பல்பின் கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாயாக இறங்கியது. விலை இறங்கிச் சந்தை பெருகிய பிறகு, 2018இல் கட்டாய முத்திரை வந்தது தரமற்ற பல்புகளைத் தடுக்க உதவியது.

கண்காணிப்பு

முத்திரையில் உள்ள எண்ணை முதலில் அறிவிப்பவர் உற்பத்தியாளரே. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சோதனை அறிக்கையோடு ஒவ்வொரு மாடலுக்கும் விண்ணப்பித்து, பி.இ.இ.யின் அனுமதியைப் பெற வேண்டும். அந்த அறிவிப்பு உண்மைதானா என்று அறிய, சந்தையிலிருந்து சாதனங்களை எடுத்து வேறு ஆய்வகங்களில் சோதிக்கும் முறை உண்டு. முதல் சோதனையில் தவறினால், இரு மடங்கு எண்ணிக்கையில் மாதிரிகள் எடுத்து மறுபடி சோதிக்கப்படும். அதிலும் தவறினால் நட்சத்திரத்தைக் குறைக்கவோ, சரக்கைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறவோ நிறுவனம் பணிக்கப்படும். மாடலின் விவரம் பொதுமக்களுக்கும் அறிவிக்கப்படும்.

மாநில அளவில் சட்டத்தைச் செயல்படுத்த ஒவ்வோர் அரசும் ஒரு முகமையை நியமித்திருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மின் ஆய்வுத் துறையிடம் உள்ளது. கட்டாய முத்திரை இல்லாத சாதனங்கள் கடைகளில் விற்கப்படுகின்றனவா என்று பார்ப்பதும் இப்பணியில் அடங்கும்.

முத்திரையின் எல்லைகள்

நட்சத்திரம் ஒரே வகைக்குள்ளேயே ஒப்பிடுகிறது. இரண்டு டன் ஐந்து நட்சத்திர ஏசி, ஒரு டன் மூன்று நட்சத்திர ஏசியைவிட அதிக மின்சாரம் எடுக்கலாம். பெரிய ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் எத்தனை நட்சத்திரம் பெற்றாலும், சிறிய டைரக்ட் கூல் ஃப்ரிட்ஜ் குறைவாகவே செலவழிக்கலாம். அறையின் அளவுக்கு மிஞ்சிய ஏசியை வாங்கிவிட்டு நட்சத்திரத்தை நம்புவதில் பயனில்லை. கேஸ் கசிவு, அழுக்கு அடைந்த வடிகட்டி, தளர்ந்த கதவு ரப்பர் ஆகியவை காலப்போக்கில் எந்தச் சாதனத்தின் திறனையும் தின்றுவிடும். வாடகை வீட்டில் உரிமையாளர் விலை குறைந்த சாதனத்தை மாட்டிவிட, கூடுதல் மின்கட்டணத்தைக் குடியிருப்பவர் கட்டும் நிலையையும் முத்திரையால் மாற்ற முடியாது. முத்திரையில் உள்ள விளக்கங்கள் தமிழில் இல்லாததால், நட்சத்திரத்தைத் தாண்டிய தகவல்கள் பலருக்குச் சென்று சேர்வதில்லை. மாநில மொழிகளிலும் அவற்றை அச்சிடுவது செய்யத்தக்க சீர்திருத்தம்.

வீட்டுக் கணக்கு

தமிழ்நாட்டில் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. 75 வாட் விசிறி ஒன்று நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட் எடுக்கும். 35 வாட் விசிறிக்கு அது 25 யூனிட். மூன்று விசிறிகள் ஓடும் வீட்டில் மிச்சம் சுமார் 86 யூனிட். 2016 மே முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமாக வழங்கப்பட்டது. அதற்கு மேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும். மிச்சமாகும் யூனிட்டுகள் கணக்கின் மேல்படியிலிருந்து, அதாவது அதிக விலையுள்ள யூனிட்டுகளிலிருந்தே கழிகின்றன. ஏசிக்கும் இதே கணக்கு பொருந்தும். 2022 ஜூலை அட்டவணைப்படி 3.8 விகிதமுள்ள மூன்று நட்சத்திர ஏசியை விட, 5 விகிதமுள்ள ஐந்து நட்சத்திர ஏசி அதே குளிர்ச்சிக்கு 24 சதவீதம் குறைவான மின்சாரம் எடுக்கும். ஆண்டுக்கு ஆறு மாதம் ஏசி ஓடும் வீட்டுக்கு இது பெரிய தொகை. கோடையில் சில இரவுகள் மட்டும் ஓடும் வீட்டில், கூடுதலாகக் கொடுத்த விலை திரும்பிவரப் பல ஆண்டுகள் ஆகலாம்.

ஆற்றல் திறன் முத்திரை இன்று 80க்கும் மேற்பட்ட நாடுகளில் நடைமுறையில் உள்ளது. அது நன்றாகப் பயன்பட்ட இடங்களில் எல்லாம் இரண்டு பழக்கங்கள் இருந்திருக்கின்றன: வரம்பைத் தவறாமல் உயர்த்துவது, சந்தைப் பொருளைத் தவறாமல் சோதிப்பது. இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் நட்சத்திரம் வெறும் அலங்காரமாகிவிடும். வாங்குபவர் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. நட்சத்திரத்தை எண்ணிய பிறகு இரண்டு விவரங்களைப் படிக்க வேண்டும்: ஆண்டுக்கு எத்தனை யூனிட், எந்த ஆண்டின் அட்டவணை. கடையில் ஒரு நிமிடம் செலவழித்து அந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.